நன்றாகத் தெரிகிற கண்ணை எதற்கு மூடச் சொல்கிறார்கள்? (5 வயது மகளுக்கு பேட்ச்)

கரூர்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் இது என் முதல் கேள்வி. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு 5 வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. யூகேஜி படிக்கிறாள். மூன்று மாதம் முன்பு பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை முகாம் நடந்தது. ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அதில் "இடது கண், மேல் பரிசோதனை தேவை" என்று மட்டும் எழுதியிருந்தது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் சும்மா பார்ப்போமே என்று அவள் வலது கண்ணை என் உள்ளங்கையால் மூடிவிட்டு, கூடத்தின் அந்தப் பக்கச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைக் காட்டி, "என்ன தேதி, படி" என்றேன். "அம்மா, கையை எடு, ஒண்ணும் தெரியல" என்றாள். நான் மூடியிருந்தது ஒரு கண்ணைத்தான். இன்னொரு கண் திறந்துதான் இருந்தது. எனக்குக் கையெல்லாம் சில்லிட்டுப் போய்விட்டது.

மறுநாளே கண் மருத்துவமனைக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பாப்பாவை விரியவைத்துப் பார்த்தார்கள். வலது கண் பிளஸ் 1, இடது கண் பிளஸ் 5.5. கண்ணாடிச் சட்டத்தில் அந்த பவரைப் போட்டுக் காட்டியும் இடது கண்ணில் 6/60தான், அதாவது 60 மீட்டரில் தெரிய வேண்டியது 6 மீட்டரில்தான் தெரிகிறது. வலது 6/6, முழுப் பார்வை. "விழித்திரை, நரம்பு எல்லாம் நன்றாக இருக்கிறது, கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, இது சோம்பேறிக் கண்" என்றார் டாக்டர். முதலில் கண்ணாடி மட்டும் போடச் சொன்னார். 8 வாரத்தில் 6/36க்கு வந்தாள். இப்போது நன்றாகத் தெரிகிற வலது கண்ணில் தினமும் 6 மணி நேரம் பேட்ச் ஒட்டச் சொல்லியிருக்கிறார். வெளியே பெரிய கூட்டம் காத்திருந்தது. எனக்கும் அந்த நேரத்தில் என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

நேற்றுதான் முதல் நாள். ஒட்டினவுடன் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அம்மா, உன் மூஞ்சியைக் காணோம்" என்று அழுதாள். நாற்பது நிமிடத்தில் நானே பிய்த்து எடுத்துவிட்டேன். மாமியார், "இருக்கிற ஒரு நல்ல கண்ணையும் கெடுக்கப் போறீங்களா" என்கிறார். வீட்டுக்காரர் வேறு ஊரில் வேலை. போனில் "டாக்டர் சொன்னதைச் செய்" என்கிறார், ஆனால் அவர் குரலிலும் பயம் தெரிகிறது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். கண்ணில் கோளாறு இல்லை, பவரும் கண்ணாடியில் சரி செய்தாகிவிட்டது, பிறகு ஏன் தெரியவில்லை? நல்ல கண்ணை மூடினால் அது கெடாதா? "7, 8 வயதுக்குள் செய்தால்தான் பலன்" என்றார்களே, அந்த வயதில் அப்படி என்ன மூடிக்கொள்கிறது? இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும் நான் கவனிக்காமல் விட்டுவிட்டேனே என்று தூக்கம் வரவில்லை.

---

பசுஞ்சோலை எழுதியது:

கவலைப்படாதீங்க சகோதரி. பொன்னாங்கண்ணிக் கீரை வாரம் மூன்று நாள் கொடுங்கள், கேரட் சாறு கொடுங்கள். என் அக்கா பையனுக்குக் கண்ணாடியே போய்விட்டது. குழந்தையின் கண்ணைக் கட்டிப்போட்டு அழவைப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

---

கோவை_கண்பலகை எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் டாக்டர் இல்லை. குழந்தைகள் கண் பிரிவில் ஆர்த்தோப்டிஸ்டாக (மாறுகண், சோம்பேறிக் கண்ணைப் பரிசோதித்துப் பயிற்சி தருபவர்) 24 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிள்ளையை மடியில் உட்கார வைத்து, பலகையில் ஆங்கில E எழுத்தைக் காட்டி, "கால் எந்தப் பக்கம் இருக்கு" என்று கேட்டதுதான் என் வாழ்க்கை. நீங்கள் கேட்ட இதே கேள்விகளை ஆயிரம் அம்மாக்கள் என்னிடம் கேட்டிருப்பார்கள். அவசரமில்லாமல் பதில் சொல்கிறேன்.

முதலில் கடைசி வரிக்கு வருகிறேன். நீங்கள் கவனிக்காமல் விடவில்லை. மாறுகண் இருந்தால் பெரும்பாலும் பார்த்தவுடன் தெரியும். உங்கள் மகளுக்கு அது இல்லை. ஒரு கண் 6/6 இருக்கிற குழந்தை ஓடும், படம் வரையும், தரையில் கிடக்கும் எறும்பைக்கூடப் பார்க்கும். பிறந்ததிலிருந்து அவளுக்கு உலகம் அப்படித்தான். இன்னொரு கண் மங்கல் என்பது அவளுக்கே தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் மட்டும்தான் அகப்படும். சீட்டு வந்த அன்று சாயங்காலமே நீங்கள் மூடிப் பார்த்தீர்கள். 12 வயதில், 15 வயதில் கண்டுபிடித்து அழுத பெற்றோர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு 5 வயதில் தெரிந்துவிட்டது.

சரி, ஏன் தெரியவில்லை? உங்கள் மகளின் இடது கண் பார்க்கிறது. அது அனுப்புவதை மூளை எடுத்துக்கொள்வதில்லை. கண் என்பது பிடித்து அனுப்புகிற இடம். பார்வை நடப்பது தலைக்குப் பின்னால், நாம் தலையணையில் வைக்கிற இடத்துக்கு நேர் உள்ளே. இரண்டு கண்ணிலிருந்து வரும் செய்தியும் அங்கே போய் அடுத்தடுத்த பட்டைகளாக இறங்குகின்றன. இடது கண்ணுக்கு ஒரு பட்டை, வலது கண்ணுக்கு ஒரு பட்டை, மறுபடி இடது என்று, உழுத நிலத்தில் சால் போட்ட மாதிரி. ஒவ்வொரு பட்டையும் ஒரு மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும்.

இந்த நிலம் பிறக்கும்போதே முழுசாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டதில்லை. பிறந்த குழந்தையின் மூளை 350 முதல் 400 கிராம். பெரியவர்களுக்கு 1300, 1400 கிராம். இடையில் கூடுகிற எடையில் பெரும்பங்கு புது செல்கள் அல்ல. இருக்கிற செல்கள் கிளை விட்டு, ஒன்றோடொன்று இணைப்புப் போட்டு, நரம்புக்கு மேல் கொழுப்பு உறை சுற்றிக்கொள்வதால் வருவது. அந்த இணைப்புகளும் தேவைக்கு மேல் போடப்படுகின்றன. பீட்டர் ஹட்டன்லாக்கர் என்ற அமெரிக்கக் குழந்தை நரம்பியல் மருத்துவர், இறந்தவர்களின் மூளையிலிருந்து இந்தப் பார்வைப் பகுதியை எடுத்து எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்து இணைப்புகளை எண்ணினார். 1982இல் வந்தது அந்த ஆய்வு. 8 மாதக் குழந்தையிடம்தான் இணைப்புகள் உச்சத்தில் இருக்கின்றன. அங்கிருந்து 11 வயதுக்குள் ஏறத்தாழ 40 சதவீதம் கழிந்துபோகிறது. கழிவது நோய் இல்லை, வளர்ச்சியே அப்படித்தான். எது கழியும், எது நிற்கும் என்பதுதான் விஷயம். வேலை நடக்கிற இணைப்பு நிற்கும். வேலை நடக்காதது போய்விடும்.

இப்போது பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தினமும் வயலுக்கு வருகிறார். இன்னொருவர் வெளியூர். வருகிறவர் ஒவ்வொரு உழவிலும் வரப்பை ஒரு விரற்கடை சீவிக்கொண்டே போவார். சண்டை சச்சரவு எதுவும் இருக்காது. நாலு வருடம் கழித்து வெளியூர்க்காரர் வந்து பார்த்தால் அவருக்கு நடக்க ஓர் ஒற்றையடிப் பாதைதான் மிஞ்சியிருக்கும். உங்கள் மகளின் வலது கண் பிளஸ் 1, தெளிவான படத்தை அனுப்பியது. இடது கண் பிளஸ் 5.5, பிறந்ததிலிருந்து கலங்கிய படத்தைத்தான் அனுப்பியது. வலது கண் வரப்பைச் சீவிவிட்டது. இப்போது கண்ணாடி போட்டதும் இடது கண்ணின் படமும் தெளிவாகிவிட்டது. ஆனால் அது வந்து இறங்க நிலம் போதவில்லை. அதனால்தான் கண்ணாடி போட்ட அன்றே 6/6 வரவில்லை.

இதை நான் சும்மா உவமைக்குச் சொல்லவில்லை. 1963இல் அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர் பூனைக்குட்டிகளில் இதைக் காட்டினார்கள். குட்டி கண் திறக்கும் சமயத்தில் ஒரு கண்ணின் இமையை மட்டும் தைத்து மூடி, இரண்டு மூன்று மாதம் கழித்துத் திறந்தார்கள். கண் அப்படியே நல்ல கண்ணாகத்தான் இருந்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் மின்முனையை வைத்துக் கேட்டால், அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல் அநேகமாக ஒன்றுகூட இல்லை. வளர்ந்த பூனைக்கு ஒரு வருடத்துக்கு மேல் மூடி வைத்தும் எந்த மாற்றமும் இல்லை. நாலு, ஐந்து வாரக் குட்டிக்கு மூன்று நான்கு நாள் மூடினாலே போதும், பாதிப்பு வந்துவிட்டது. அந்தக் குட்டிகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு சங்கடப்படும். ஆனால் பிறவிக் கண்புரையைக் குழந்தை வளரட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த வழக்கம் மாறியதற்கு அந்த வேலை ஒரு பெரிய காரணம். 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதில் என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொரு சோதனை. இரண்டு கண்ணையும் சேர்த்து மூடினால் பாதிப்பு இரட்டிப்பாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. ஒரு கண்ணை மட்டும் மூடியபோது வந்த அளவு பாதிப்பு அதில் வரவில்லை. செல்களில் பல இன்னமும் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. இரண்டு வயல்காரரும் வெளியூர் போய்விட்டால் வரப்பு இருந்த இடத்தில் இருக்கும், அவ்வளவுதான். ஆக, கண்ணைக் கெடுப்பது வெறும் இருட்டு இல்லை. பக்கத்தில் ஜெயித்துக்கொண்டிருக்கும் இன்னொரு கண்.

நல்ல கண்ணை ஏன் மூடுகிறோம் என்பதற்கு இதுதான் பதில், தங்கச்சி. தினமும் ஆறு மணி நேரம் ஜெயிக்கிறவரை வீட்டில் உட்கார வைக்கிறோம். அந்த நேரத்தில் மற்றவர் வயலில் இறங்கித் தன் வரப்பைத் திரும்ப நகர்த்திக்கொள்கிறார். 1974இல் கேம்பிரிட்ஜில் இதையும் பூனைக்குட்டியில் பார்த்தார்கள். மூடியிருந்த கண்ணைத் திறந்து, திறந்திருந்த கண்ணை மூடினார்கள். 5 வார வயதில் செய்தபோது நிலம் முழுக்கக் கை மாறியது. 14 வாரத்தில் செய்தபோது கிட்டத்தட்ட ஒன்றும் நகரவில்லை.

அந்த 14 வாரம்தான் நம் பிள்ளைகளுக்கு டாக்டர் சொல்கிற 7, 8 வயது. ஆனால் அது கதவு மூடுவது மாதிரி ஒரே நாளில் நடப்பதில்லை. வயது ஏற ஏற, வரப்பில் எல்லைக்கல் நடுகிற வேலை நடக்கிறது. மூளையில் வேகத்தைக் குறைக்கும் ஒரு வகை செல்கள் முதிர்ந்து, அவற்றைச் சுற்றிப் புரதமும் சர்க்கரையும் சேர்ந்த வலை போன்ற ஓர் உறை இறுகுகிறது. 2002இல் வளர்ந்த எலிகளில் அந்த வலையை ஒரு நொதியால் கரைத்துப் பார்த்தார்கள். மறுபடியும் வரப்பு நகர ஆரம்பித்தது. மனிதருக்குச் செய்கிற காரியம் இல்லை அது. ஆனால் கல் எங்கே நடப்படுகிறது என்று அதில் தெரிந்தது. பார்வைப் பகுதியில் இது சீக்கிரம் நடக்கும். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற, யோசித்து நிதானிக்கும் பகுதி முதிர இருபதுகளின் நடு வரை ஆகும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காலம்.

மாமியாரின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். அதில் விஷயம் இருக்கிறது. சின்னக் குழந்தைக்கு அளவுக்கு மீறி மூடினால் நல்ல கண்ணின் பார்வை பரிசோதனைப் பலகையில் ஒரு வரி இரண்டு வரி இறங்கலாம். அதனால்தான் 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை வரச் சொல்வார்கள், இரண்டு கண்ணையும் பார்ப்பார்கள். அப்படி இறங்கினால் பேட்ச் நேரத்தைக் குறைப்பார்கள், பெரும்பாலும் ஏறிவிடும். அந்தத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள். 6 மணி நேரம் என்பதும் குத்துமதிப்பு இல்லை. 2003இல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து பார்த்ததில், கடுமையான சோம்பேறிக் கண்ணுக்கு நாள் முழுக்க மூடியதும் 6 மணி நேரம் மூடியதும் ஒரே பலன் கொடுத்தன. மிதமானதுக்கு 2 மணி நேரமே 6 மணி நேரத்துக்குச் சமமாக இருந்தது. ஆக உங்கள் மகள் மேலே ஏற ஏற டாக்டரே நேரத்தைக் குறைப்பார். பேட்சுக்கு ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிற பிள்ளைகளுக்கு, நல்ல கண்ணை மங்கலாக்கும் அட்ரோபின் சொட்டு மருந்து என்று ஒன்று உண்டு. தேவைப்பட்டால் அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள்.

கீரை பற்றிச் சொன்னவருக்கு: பொன்னாங்கண்ணி நல்லது, வாரத்துக்கு மூன்று நாள் பொரியல் செய்யுங்கள். ஆனால் இந்தக் குழந்தைக்குக் குறைவது சத்து இல்லை. மூளைக்கு இடது கண்ணோடு பழக்கம் குறைவு. கீரைக்காக பேட்சைத் தள்ளிப்போட்டால் போவது நாள்.

இன்னொன்று. அவளுக்குத் தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் காட்டுங்கள். இது குடும்பத்தில் வரும்.

---

நெல்லை_அப்பா எழுதியது:

அக்கா சொன்னதை நான் அப்போதே படித்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். என் பையனுக்கு நாலரை வயதில் தொடங்கி 14 மாதம் ஒட்டினோம். 6/36இல் இருந்தவன் இப்போது 6/9. வீட்டில் நடந்த சில விஷயங்களைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம்.

பேட்சைத் தோலில் ஒட்டுங்கள், கண்ணாடி அதன் மேல் வரட்டும். கண்ணாடியின் மேல் துணி மாட்டினால் பிள்ளை மூக்குப் பக்கத்து இடைவெளியில் எட்டிப் பார்க்கும். என் பையன் தலையை ஒரு மாதிரி சாய்த்தே ஒரு வாரம் ஓட்டியிருக்கிறான், எங்களுக்குப் புரியவில்லை. எடுக்கும்போது பிய்க்காதீர்கள். பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஓரத்தில் தடவி, ஐந்து நிமிடம் விட்டு மெதுவாக உரியுங்கள். அப்புறம் முகம் கழுவி எண்ணெயை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் ஒட்டாது. தினமும் கொஞ்சம் கோணத்தை மாற்றி ஒட்டினால் தோல் சிவக்காது.

முதல் பத்து நாள்தான் கஷ்டம். அந்தப் பத்து நாள் வீட்டிலேயே, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஒட்டுங்கள். படிக்கட்டு, மாடி கைப்பிடி கவனம். மூடிவிட்டுச் சும்மா உட்கார வைத்தால் அழுகைதான். கிட்டத்தில் பார்த்துச் செய்கிற வேலை கொடுங்கள். என் அம்மா பல்லாங்குழியை எடுத்து வந்தார். முதலில் புளியங்கொட்டை, அது கறுப்புக் குழியில் தெரியவில்லை என்றான். வெள்ளைச் சோழிக்கு மாற்றினோம், தடவித் தடவி எண்ணினான். நாலு மாதத்தில் திரும்பப் புளியங்கொட்டைக்கே வந்துவிட்டோம், கண்ணாலேயே எண்ணிவிடுவான். எங்களுக்கு மருத்துவமனைப் பலகையைவிட அந்தக் குழிதான் கணக்கு.

பள்ளிக்கூடத்தில் வகுப்பு டீச்சரிடம் முதலிலேயே சொல்லி முன் வரிசையில் உட்கார வையுங்கள். எங்கள் டீச்சர் ஒரு நாள் தானும் ஒரு பேட்ச் ஒட்டிக்கொண்டு பாடம் எடுத்தார். அதற்குப் பிறகு யாரும் அவனைக் கிண்டல் செய்யவில்லை. அந்த அம்மாவை நாங்கள் மறக்க மாட்டோம்.

6/9 வந்ததும் நாங்களாகவே நிறுத்திவிட்டோம். இரண்டு மாதத்தில் ஒரு வரி இறங்கிவிட்டது. திரும்ப ஆரம்பித்து, டாக்டர் சொன்னபடி 2 மணி நேரம், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்தோம். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

---

ஒற்றைக்குழல் எழுதியது:

நான் கேட்கலாமா என்று தெரியவில்லை. எனக்கு 34 வயது. 19 வயதில் சீருடை வேலைக்கான உடல் தகுதித் தேர்வில்தான் என் இடது கண் சோம்பேறிக் கண் என்று தெரிந்தது. ஓட்டம், கயிறு, நீளம் தாண்டுதல் எல்லாம் முடித்துக் கடைசியில் பலகைக்கு முன்னால் நின்று, வலது கண்ணை மூடச் சொன்னபோது முதல் எழுத்தே தெரியவில்லை. "இது சின்ன வயசுலயே பார்த்திருக்கணும், இப்போ ஒன்றும் செய்ய முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். படித்த பள்ளியில் ஒரு நாள்கூட யாரும் கண் பார்த்ததில்லை.

இப்போது செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மைக்ரோஸ்கோப்பில் இரண்டு குழல் இருக்கும், நான் வலது குழலில் மட்டும் பார்த்து ஐசி (சின்ன சிப்) மாற்றுவேன். முனை போர்டில் தொட்டதா இல்லையா என்பது எனக்கு ஆழத்தில் தெரியாது. நிழல் வந்து சேருவதையும் ஈயம் உருகுவதையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். தொழில் நன்றாகப் போகிறது. ஆனால் அக்கா எழுதியதில் அந்த எல்லைக்கல் விஷயத்தைப் படித்ததும் கேட்கத் தோன்றியது. எனக்கு நிலம் மொத்தமும் போய்விட்டதா?

கரூர் அம்மாவுக்கு: பாப்பா அழுதாலும் ஒட்டுங்கள். என் அம்மாவுக்கு இது யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவர் நிச்சயம் செய்திருப்பார்.

---

கோவை_கண்பலகை எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்டது நல்லது. உங்கள் கேள்விக்கு 24 வருடத்தில் நானே பதிலை மாற்றிக்கொண்டிருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 9 வயதுக்கு மேல் என்றால் கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவோம். 2005இல் ஓர் ஆய்வு வந்தது. 7 முதல் 17 வயது வரை 507 பிள்ளைகள். 7 முதல் 12 வயதுக்காரர்களில் பேட்ச் போட்டவர்களில் பாதிக்கு மேல் முன்னேறினார்கள். 13 முதல் 17இல், அதற்கு முன்பு சிகிச்சையே எடுக்காதவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பலன் இருந்தது. அதைப் படித்த அன்று, நாங்கள் திருப்பி அனுப்பிய பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக வந்தது எனக்கு.

நிலம் மொத்தமும் போகவில்லை. வயதானவர்களில் நல்ல கண் நோயால் போன பிறகு, அறுபது எழுபது வருடம் சும்மா இருந்த சோம்பேறிக் கண் தானாகக் கொஞ்சம் தேறியதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சூசன் பாரி என்ற நரம்பியல் பேராசிரியை, சின்ன வயதிலிருந்தே மாறுகண். 48 வயதில் பயிற்சி எடுத்து ஆழப் பார்வை பெற்றார். டெல்லியில் பவன் சின்ஹா என்ற ஆய்வாளரின் பிரகாஷ் திட்டத்தில், பிறவியிலேயே பார்வையில்லாமல் இருந்து 8 வயது, 17 வயது என்று தாமதமாகக் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். கண் திறந்ததும், கையால் தொட்டு அறிந்த பொருளைக் கண்ணால் பார்த்து "அதுதான் இது" என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. சில நாட்களிலேயே அதைக் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு நம்மைப் போல் கூர்மையான பார்வை வரவில்லை. ஆனால் முன்பு இருந்த இடத்திலிருந்து வெகுதூரம் வந்தார்கள்.

உங்களிடம் ஆசை காட்டிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. 34 வயதில் பேட்ச் போட்டு 6/6 வரும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். குழந்தைகள் கண் பிரிவு உள்ள மருத்துவமனையில் ஒரு முறை காட்டி, சரியான கண்ணாடி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அதைவிட முக்கியமான ஒன்று. நீங்கள் சால்டரிங் செய்கிறீர்கள். ஈயம் தெறிக்கும், வயர் துண்டு தெறிக்கும். உங்களுக்கு வேலை செய்கிற கண் ஒன்றுதான். பவர் இல்லாவிட்டாலும் பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட கண்ணாடி இல்லாமல் அந்த மேஜையில் உட்காராதீர்கள். இதை அக்கா கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரூர்த் தங்கச்சிக்கு நெல்லைத் தம்பி சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். நிறுத்திய முதல் வருடத்தில் சுமார் நால்வரில் ஒருவருக்குப் பார்வை திரும்ப இறங்கும். அதனால் பேட்ச் முடிந்த பிறகும் பரிசோதனை முடியாது.

---

கரூர்_அம்மா எழுதியது (10 வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடுங்கள். ஏதாவது சொல்லும்படி ஆகட்டும் என்று காத்திருந்தேன்.

அக்கா, வயல் கதையை மாமியாரிடம் அப்படியே சொன்னேன். அவர் பிறந்த வீட்டில் வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி பேச்சே நின்றுபோனவர்கள். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சரி, அந்தப் பக்கத்துக்காரனைக் கட்டிப்போடு" என்றார். இப்போது மதியம் 3 மணிக்கு நான் மறந்தாலும் அவர் மறப்பதில்லை. பேட்ச், பஞ்சு, தேங்காய் எண்ணெய் எல்லாம் அவர் கணக்கில்தான். இரவு 9க்கு அவரே உரித்து எடுக்கிறார்.

முதல் வாரம் நெல்லை அண்ணன் சொன்ன மாதிரியே இருந்தது. ஒரு நாள் வாசற்படியில் இடித்துக்கொண்டாள், முழங்கால் சிராய்ப்பு. மூன்றாவது வாரத்திலிருந்து அழுகை இல்லை. பல்லாங்குழி எங்கள் வீட்டில் இல்லை, அதனால் புள்ளிக் கோலம். மாமியார் புள்ளி வைக்க, இவள் சாக்பீஸால் இணைக்கிறாள். முதலில் ஒரு சாண் இடைவெளியில் பெரிய பெரிய புள்ளி. இப்போது இரண்டு விரல் இடைவெளி. கோடு புள்ளியைத் தொடாமல் போனால் அவளே அழித்துவிட்டுத் திரும்பப் போடுகிறாள்.

போன வாரம் பரிசோதனை. இடது 6/18. வலது 6/6 அப்படியே இருக்கிறது. அடுத்த 8 வாரத்துக்கும் 6 மணி நேரம்தான், அப்புறம் குறைப்பதைப் பார்ப்போம் என்றார் டாக்டர்.

நேற்று சாயங்காலம் பேட்சோடு என் மடியில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், மூக்கின் மேல் விரலை வைத்து, "இங்க ஒரு மச்சம் இருக்கும்மா" என்றாள். கடுகை விடச் சின்னது அது.

அவள் தம்பிக்கு 2 வயது. வருகிற சனிக்கிழமை அவனையும் கூட்டிப்போகிறோம். என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.